வெள்ளி. தொடாதே.

என் விரல்கள் கருப்பாக இருந்த காலம் அது. மருதாணியும் இல்லை, மையும் இல்லை, சில்வர் நைட்ரேட். கையுறை போட்டாலும் எப்படியோ ஒரு சொட்டு உள்ளே இறங்கிவிடும். வெயில் பட்டதும் பழுப்பாகும், பிறகு கருக்கும். சோப்பு, எலுமிச்சை, தேங்காய் நார் எதற்கும் மசியாது. தோல் தானாகத் தேய்ந்து உதிர்ந்தால்தான் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கையை மறைத்துக்கொள் என்று அம்மா கெஞ்சுவாள். நான் வேண்டுமென்றே அந்தக் கையாலேயே டீயை நீட்டுவேன். ஒரு மாப்பிள்ளை வீட்டார் டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனார்கள். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம்.

எங்களுக்கு அடிவாரத்து ஊர். அத்தா கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகை வாங்கி விற்பவர். நான் அதே மிளகுக் கொடியின் இலையை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழிந்திருந்த சமயம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நானோ நானோ என்றுதான் பேச்சு. தண்ணீரில் கரைந்திருக்கும் வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாகத் திரட்டினால் அவை கிருமிகளைக் கொல்லும். அப்படித் திரட்ட ஆய்வகத்தில் கடுமையான ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அந்த வேலையை இலைச்சாறே செய்துவிட்டால், புண்ணில் வைக்கத் தோதான மருந்தாகலாம் என்பது எங்கள் எண்ணம். 'ஆகலாம்' என்பதில் இருக்கிற அந்த 'லாம்' முக்கியம். நான் சொல்லப்போவது முழுக்க அந்த 'லாம்' படுத்திய பாடுதான்.

இலையை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறக்கினால், கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் புழுங்கிப்போகும். ஒரு நாள் அதன் சாறு வெள்ளியைத் திரட்டும், மறுநாள் திரட்டாது. இலை வாடும் முன்பே வேலையை முடி என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். அதனால் மலை மேலேயே செம்மேட்டில், பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வீட்டின் பக்கவாட்டு அறையை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், கண்ணாடிக் குடுவைகள், கேன் கேனாக டிஸ்டில்டு வாட்டர் என்கிற வாலை வடித்த தண்ணீர், என் மொபட். ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான் இருந்தது.

வீட்டுக்கார அக்கா முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். அறையைப் பெருக்குவதும் அவர்தான், மாற்றுச் சாவியும் அவரிடம்தான். அவருடைய அண்ணன் அதே மலையில் வாழவந்தி நாடு என்கிற ஊரில் விவசாயி. மிளகுக் கொடி படர்ந்த தோட்டம் அவருடையது. காலையில் மொபட்டில் போய் அவர் தோட்டத்து இலையைப் பறித்து வருவேன். கழுவி, நறுக்கி, வாலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் வெளிர் மஞ்சளாக ஒரு சாறு வரும். அதை வெள்ளிக் கரைசலில் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு லேசாக மஞ்சள் கூடும், தேன் நிறமாகும், கடைசியில் டிகாக்‌ஷன் நிறம். அந்தப் பழுப்பு வந்தால் துகள் உருவாகிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் அன்றைய பொழுது பாழ், அன்றைக்கு என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது. நிறம் பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

ஊரில் என்னை 'டாக்டருக்குப் படிக்கற புள்ள' என்றார்கள். கிளப்பிவிட்டது சாட்சாத் என் அம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு எடுப்பாக இருக்கும் என்று அவள் சொன்னது மிளகு மூட்டை ஏற்ற வந்த லாரியில் ஏறி மலைக்கு வந்துவிட்டது. இது அந்த டாக்டர் இல்லை, வேற டாக்டர் என்று நான் விளக்கினால், "எந்த டாக்டரா இருந்தா என்னங்க, நல்லாப் படிங்க" என்று முடித்துவிடுவார்கள்.

அடர்த்தியான சில்வர் நைட்ரேட் கரைசலைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாமல் கருப்புத் தாள் சுற்றி வைத்திருந்தேன். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். அதுதான் அந்த அறையிலேயே ஆபத்தான பொருள். அக்கா பெருக்கும்போது கை வைத்துவிடக் கூடாதே என்று அதற்கு மட்டும் தமிழில் சீட்டு ஒட்டினேன். 'சில்வர்' என்று எழுத முடியாது. அந்த மலையில் சில்வர் என்றால் ஒன்று எவர்சில்வர் குடம், இல்லையென்றால் மிளகுக் கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரம். அதனால் 'வெள்ளி. தொடாதே.' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இரண்டு சொல், இரண்டு முற்றுப்புள்ளி. அந்தப் புள்ளிகளை நான் வைத்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

அண்ணனுக்குச் சர்க்கரை. காலில் முள் குத்தியது தெரியவில்லை, சீழ் வைத்தது தெரியவில்லை, விரல் கருக்கத் தொடங்கியதை அவர் மனைவிதான் பார்த்துச் சொன்னாராம். சர்க்கரைக் காலில் உணர்ச்சி செத்துவிடும், வலிக்காது. கீழே பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இரண்டு விரலை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்கால் வரை போகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தோட்டத்துக்குத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போகமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்திருந்தது. கிருமி வளர்த்த தட்டில் எங்கள் பழுப்புத் துகளைச் சொட்டு வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி அண்டாத தெளிவான வட்டம் விழும். கல்லூரியில் எடுத்த அந்தப் படத்தை, எல்லாம் வெள்ளி செய்கிற வேலை என்று சொல்லி, சந்தோஷத்தில் அக்காவிடம் காட்டினேன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்த வட்டத்துக்குள்ள புழு பூச்சி ஒண்ணும் வராதுங்களா?"

"கிருமி வராதுக்கா."

"அப்ப எங்கண்ணன் காலுக்கு ஊத்துங்க கண்ணு."

நான் முடியாது என்றேன். இது மருந்து இல்லை, தட்டில் செய்த சோதனை, எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை, மனுசனுக்குப் போட எனக்கு உரிமையும் கிடையாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். அக்கா கேட்கவில்லை. மறுநாள் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அறிவிருந்தா மொதல்ல அவரை பஸ் ஏத்துங்கக்கா, என் தாலிய அறுக்காதீங்க" என்று கத்தினேன். தாலியே இல்லாதவள் சொன்ன வசனம் அது. அக்கா சிரிக்கவில்லை. "அண்ணன் தோட்டத்து எலைய மட்டும் தெனமும் பறிக்கத் தெரியுது" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தது. பஸ் ஏறி மலையிறங்கினேன். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, இன்னொரு மாப்பிள்ளை வீடு. கையைக் காட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜும்மா நாளில் கிளம்புகிறாளே என்று அத்தா முணுமுணுத்தார்.

செம்மேட்டில் அறையைத் திறந்ததும் கண் நேராக அலமாரிக்குப் போனது. பழுப்புத் துகள் குடுவைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும்தான் ஒட்டியிருந்தேன். ஓரத்தில், தமிழ்ச் சீட்டு ஒட்டிய பாட்டில் இருந்த இடம் காலி. முன்னறைக்கு ஓடினேன்.

அக்கா துணியில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அக்கா, வெள்ளி பாட்டில் எங்கே?"

"அண்ணனூட்டுக்குக் குடுத்துட்டனுங்க. நேத்துச் சாயங்காலமே கடைசி பஸ்ல குடுத்தனுப்பிட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கெழம, ஊட்ல இருந்து ஒண்ணையும் வெளிய குடுக்க மாட்டமில்லீங்க."

"தொடாதேன்னு எழுதியிருந்தேனே."

"அது எனக்குத்தானுங்களே எழுதுனீங்க. அண்ணனுக்கில்லையே."

அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரத்தை முந்திக்கொண்டு பயம் வந்துவிட்டது. "அது மருந்தே இல்லக்கா. மருந்து அந்தப் பழுப்புக் குடுவை, அதுகூட இன்னும் மருந்து இல்ல. நீங்க எடுத்தது அமிலம் மாதிரி. பட்டா சதை வெந்துரும். குடிச்சா உள்ளயெல்லாம் புண்ணாகும்." அக்காவின் கையிலிருந்து துணி நழுவியது. "தண்ணியாட்டம் இருந்துச்சுங்களே கண்ணு" என்றார்.

அண்ணன் வீட்டு போனுக்கு அடித்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பக்கம் அப்போது ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும், காலில் கட்டுப் போட்டவர் பாறை மேல் எங்கே ஏறுவார். மொபட்டை எடுத்தேன். அக்கா பின்னால் ஏறிக்கொண்டார்.

போகிற வழி முழுக்க அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எதையோ முனகிக்கொண்டே வந்தார். நான் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஜல்லி பெயர்ந்த ரோடு, அன்றைக்கென்று பார்த்துச் சாரல். உணர்ச்சி இல்லாத கால் என்பதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. மற்றவர்களுக்கு ஊற்றினால் முதல் சொட்டிலேயே எரியும், அலறிக்கொண்டு நிறுத்துவார்கள். அவருக்கு எரியாது. நல்லதுக்குத்தானே என்று பாட்டில் முழுவதையும் ஊற்றிக்கொண்டே இருப்பார். இரண்டு விரலோடு போக வேண்டியது முழுப் பாதமாகப் போகும். கொஞ்சம் வாயிலும் விட்டுக்கொண்டால் ஆளே போய்விடுவார். ஒரு திருப்பத்தில் மொபட் வழுக்கி இருவரும் சாய்ந்தோம். முழங்கை சிராய்ந்தது. அக்கா வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

தோட்டத்து வீட்டு வாசலில் கட்டில் போட்டு, காலை ஒரு மூட்டை மேல் தூக்கி வைத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். கால் துணியால் சுற்றியிருந்தது. துணி ஈரமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணா, ஊத்துனீங்களா? குடிச்சீங்களா?"

அவர் எங்கள் இருவரையும், மண் ஒட்டிய சேலையையும், என் முழங்கை ரத்தத்தையும் பார்த்தார்.

"இல்லீங்களே. இன்னைக்கு வெள்ளியாச்சே. வெள்ளி தொடாதேன்னு நீங்கதானுங்க எழுதி ஒட்டியிருக்கீங்க. உங்க பக்கத்துல வெள்ளிக்கெழம விசேசமாச்சே, அதான் மருந்து தொடக்கூடாதாட்ட இருக்குதுன்னு எடுத்து வெச்சுட்டேன். நேத்து வந்து சேரறப்பவே இருட்டிப்போச்சு."

பாட்டில் உள்ளே சாமி மாடத்தில் இருந்தது. கழுத்தில் பூ சுற்றி, மூடிக்கு மஞ்சள் வைத்திருந்தார்கள். அவர் மனைவி அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன், துளிகூடக் குறையவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அக்காவும் அழுதார். அண்ணன் மனைவி என்ன நடந்தது என்றே புரியாமல் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கண்ணைத் துடைத்ததும் கோபம் திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன்.

"நாளைக்குப் போலாமுங்க."

"நாளைக்குச் சனி. சனிக்கெழம பொறப்படக்கூடாதும்பீங்க. அடுத்த நாள் ஞாயிறு, பெரிய டாக்டர் இருக்க மாட்டார். அப்புறம் திங்கள், ராகுகாலம் காலையிலயே வந்துரும். உங்க காலு காலண்டர் பாத்தாண்ணா அழுகுது?"

அவர் காலை மூட்டை மேல் நகர்த்தி வைத்தார். "உங்க வட்டம் நெசந்தானுங்களா?" என்று கேட்டார். தங்கை சொல்லியிருக்கிறார்.

"நெசந்தான். ஆனா அது தட்டுல. கால்ல இல்ல."

"எந்தோட்டத்து எலதானுங்களே."

மருந்து என்று ஒன்று இருந்தால் முதலில் அவருக்குத்தான் கொடுத்திருப்பேன், இன்னும் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. நான் இரண்டு கையையும் அவர் முன்னால் விரித்தேன். நகக்கண்ணிலும் விரல் நுனிகளிலும் கருப்பு அப்பியிருந்தது.

"இந்த பாட்டில்ல இருக்கறது செஞ்ச வேலை இது. தோல் மூடுன கைக்கே இப்படி. தோலே இல்லாத புண்ணுக்கு என்ன செய்யும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால் துணியை ஒரு பக்கம் விலக்கினார். அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கரியாகியிருந்தன.

"இந்தக் கருப்பும் அந்தக் கருப்பும் ஒண்ணுங்களா?"

"இல்லண்ணா. என்னுது தேஞ்சு போயிரும். உங்களுது ஏறிட்டே வரும்."

அவர் துணியை மூடினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு வெள்ளை வேட்டியை எடுக்கச் சொன்னார். காய்கறி ஏற்ற வந்த ஒரு ஜீப்பை மறித்து அவரைச் செம்மேடு சேர்த்தோம், அங்கிருந்து பஸ்ஸில் கீழே. அக்கா கூடப் போனார். நான் பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்து, சீட்டைக் கிழித்துவிட்டு, 'விஷம்' என்று எழுதி மண்டை ஓடு வரைந்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தங்கும் என்று நம்புகிறோம், புண் சிவந்து வந்தால் பிழைத்தது, கருப்பு ஏறினால் மறுபடி அறுக்க வேண்டும் என்றார்களாம். தினமும் கட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் நிம்மதியாக இலை கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது.

"கண்ணு, அண்ணன் கட்டுப் பிரிக்க உடமாட்டேங்குது. வெள்ளி தொடக்கூடாதுன்னு ஒரே பிடியா இருக்குது. நர்ஸம்மா கத்தறாங்க. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

அன்றைக்கு அவரைக் காப்பாற்றிய சீட்டு இன்றைக்கு அவரைக் கொல்லப் பார்க்கிறதே என்று பதறி, ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் லாரிக்கு நின்று நின்று இறங்கியது. வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்தேன். வெள்ளி என்றால் கிழமை இல்லை அண்ணா, உலோகம், கொலுசு செய்கிற வெள்ளி, நடுவில் புள்ளி வைத்திருக்கிறேன்.

வார்டில் அவர் கையை மடக்கிக் கண் மேல் போட்டுப் படுத்திருந்தார். கால்மாட்டில் நர்ஸம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் தயார் செய்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். அவர் கையை எடுக்காமலே தங்கையிடம், "எல்லாத்துக்கும் டீ வாங்கிட்டு வா சாமி" என்றார். அக்கா வெளியே போகும்வரை காத்திருந்தார்.

"கொலுசு வெள்ளின்னு தெரியுமுங்க கண்ணு. தங்கச்சி சொல்லித்தானே குடுத்தனுப்புச்சு. எனக்கும் எழுத்துத் தெரியும். வெள்ளிக்கப்புறம் புள்ளி வெச்சிருந்தீங்க."

"அப்புறம் ஏண்ணா?"

"பயமுங்க. ஊத்துனா ஆவுமா ஆவாதான்னு தெரிஞ்சு போயிருமில்ல. ஊத்தாத வரைக்கும் ஊட்ல மருந்து இருக்குதுன்னு ஒரு தைரியம். வெள்ளிக்கெழமன்னு சொன்னா ஒருத்தரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. ஊட்டுப் பொம்பளைங்ககிட்டப் பயமா இருக்குதுன்னு எப்படிங்க சொல்லறது."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் அதேதானுங்க. நேத்துப் பிரிக்கறப்ப நர்ஸம்மா ஒண்ணுஞ் சொல்லாம டாக்டரக் கூப்புடப் போனாங்க. கருப்பு ஏறிருச்சாட்ட இருக்குது. வெரல அறுத்தப்புறம் நான் இன்னி வரைக்கும் காலப் பாக்கவே இல்லீங்க."

நர்ஸம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணனின் இன்னொரு கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"நீங்க நெறம் பாக்கறவங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. பொய் சொல்ல மாட்டீங்க, அன்னைக்கும் சொல்லல."

நர்ஸம்மாவைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். எத்தனையோ குடுவைகள் முன்னால் நிறம் வருமா என்று நின்றிருக்கிறேன், ஒன்றிலும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. கடைசித் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. நர்ஸம்மா அதை நனைத்து, மெதுவாக உரித்தார். நான் குனிந்து பார்த்தேன். ஓரம், நடு, மறுபடி ஓரம்.

"கருப்புங்களா?"

அவர் பிடி இறுகியது.

"சிவப்புண்ணா" என்றேன். "கொடியில பழுத்த மிளகு நெறம்."

"நல்ல சதை. இதக் காட்டத்தான் நேத்து டாக்டரைக் கூப்பிடப் போனேன்" என்றார் நர்ஸம்மா.

அண்ணன் கண் மேலிருந்த கையை எடுத்தார். முழங்கையை ஊன்றி எழுந்து, தன் காலைப் பார்த்தார்.